பழைய ஈக்யூ5 மவுண்ட்டுக்கு மோட்டார் போடணும்னா முதல்ல எதை வாங்கணும்?

கோத்தகிரி பக்கம் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அவர்கிட்ட கையால திருப்புற பழைய ஈக்யூ5 மவுண்ட் ஒன்னு இருக்கு, அதாவது டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்புற தாங்கி, மேல 6 இன்ச் எஃப்5 நியூட்டோனியன், கண்ணாடி வெச்ச டெலஸ்கோப். காலேஜ் புராஜெக்ட்டுக்கு வாங்கின ஆர்டுயினோ ஊனோ போர்டும் மோட்டாரை ஓட்டுற ரெண்டு ஏ4988 டிரைவரும் வீட்ல சும்மா கிடக்குதாம். இதை வெச்சே கோ-டூ, அதாவது பேரைச் சொன்னா டெலஸ்கோப் தானா அங்க போய் நிக்கிறது, பண்ணிடலாமா, எவ்வளவு ஆகும், வடக்குப் பக்கம் எஸ்டேட் சில்வர் ஓக் மறைக்குது, துருவ நட்சத்திரம் தெரியவே தெரியாது, அப்ப மவுண்ட் அச்சை துருவத்துக்கு நேரா வைக்கிற அலைன்மென்ட் எப்படி பண்றது, இதுதான் கேள்வி.

நேரா சொல்லிடறேன் தம்பி. ஊனோவ வெச்சு டிராக்கிங், அதாவது வானம் நகர நகர டெலஸ்கோப்பும் கூடவே நகர்றது, வரும், கோ-டூ வராது. கோ-டூக்கு ஈஎஸ்பி32 சிப் இருக்குற போர்டு ஒன்னு வாங்கி அதுல ஆன்ஸ்டெப்ங்கற புரோகிராமை ஏத்தணும். மரம் ஒரு பிரச்சினையே இல்ல. ஆனா இதெல்லாம் அப்புறம், முதல்ல நீங்க வாங்க வேண்டியது ஒரு டப்பா லித்தியம் கிரீஸும் அரை லிட்டர் மண்ணெண்ணெயும்தான். போர்டு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி மவுண்ட்டை கழட்டுங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா நான் தலைகீழா பண்ணி பட்டவன். குன்னூர்ல யூபிஎஸ், ஸ்டெபிலைசர் சர்வீஸ்தான் என் பொழப்பு. சால்டரிங் அயர்னோட பொழுது போறவனுக்கு எல்லாமே சர்க்யூட்டாதான் தெரியும், மூணு மாசம் போர்டுலயே உக்காந்திருந்தேன், மேஜை மேல மோட்டார் சத்தமே இல்லாம சுத்துறதைப் பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. ஜனவரில வெளிய கொண்டு போய் மவுண்ட்ல மாட்டினேன், பத்து மணிக்கு மேல குளிர் ஏற ஏற மோட்டார் ட்ர்ர்ர்னு உதறிட்டு நின்னுடுச்சு. கரண்ட்டைக் கூட்டினேன், மோட்டார் சூடாச்சே தவிர நகரல. புரோகிராம்ல தப்புன்னு ரெண்டு வாரம் தேடினேன், டிரைவரை மாத்தினேன், கடைசில ஒரு நாள் வெறுத்துப் போய் மவுண்ட்டை கழட்டினா உள்ள கறுப்பா பிசின் மாதிரி ஒரு கிரீஸ். பகல்ல தேன் பதத்துல இருக்கும், ராத்திரி 5 டிகிரிக்கு இறங்கினா பலாப்பிசின் கணக்கா இழுக்கும். விரல்ல தொட்டு பிரிச்சா நூல் நூலா வருது. கீழ கோயம்புத்தூர்ல இருக்குறவருக்கு இந்தப் பிரச்சினை தெரியக்கூடத் தெரியாது, நம்ம ஊர்ல அதுதான் முதல் பிரச்சினை.

கழட்டும்போது ஒவ்வொரு படியும் போன்ல போட்டோ எடுத்துக்குங்க, வாஷர் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு ராத்திரி ஞாபகம் இருக்காது. மண்ணெண்ணெயில பிரஷ் போட்டு கழுவி, நல்லா துடைச்சு காய வெச்சு, புது கிரீஸை லேசா தடவுங்க, அப்பி வைக்காதீங்க. மாட்டின பிறகு மோட்டார் எதுவும் இல்லாம வார்ம் ஷாஃப்ட்டை, அதாவது பல்சக்கரத்தைத் திருப்புற திருகுத் தண்டை, ரெண்டு விரலால திருப்பிப் பாருங்க. ஈக்யூ5ல ஆர்ஏ, அதாவது வானத்தோட சேந்து கிழக்கு மேற்கா சுத்துற ஆக்சிஸ், அதோட வார்ம் வீலுக்கு 144 பல், அதாவது மவுண்ட் ஒரு முழு சுத்து வர வார்ம் 144 சுத்து சுத்தணும், கை வலிக்கும், ஆனாலும் முழுசா திருப்புங்க. எங்கயோ ஒரு இடத்துல இறுகும், வேற இடத்துல தளரும், வீல் முழு வட்டமா இருக்காதுங்கறதால வர்ற கோளாறு. எந்த இடத்துல ரொம்ப இறுகுதோ அங்க நிறுத்தி, அந்த இடத்துல விரலுக்கு லேசா வர்ற மாதிரி வார்மை செட் பண்ணுங்க. தளர்ற இடத்துல செட் பண்ணினீங்கன்னா ஒரு நாள் சனிக்கிழமையைப் பாத்துட்டிருக்கும்போது, மன்னிக்கணும், சனி கிரகத்தைப் பாத்துட்டிருக்கும்போது, இறுகின இடம் வந்து மோட்டார் நிக்கும்.

சரி, இப்ப கணக்கு. இந்த ஒரு கணக்கு புரிஞ்சா மிச்சம் எல்லாம் வயரிங்தான். நீமா17ங்கற ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப். டிரைவர் அதை மைக்ரோஸ்டெப்பா பிரிக்கும், 32ன்னு வெச்சுக்குவோம். மோட்டார்ல 16 பல் புல்லி, வார்ம்ல 48 பல் புல்லி போட்டா 3க்கு 1. அப்புறம் வார்ம் வீல் 144. நாலையும் பெருக்குங்க, 200 பெருக்கல் 32 பெருக்கல் 3 பெருக்கல் 144, மொத்தம் 27,64,800 மைக்ரோஸ்டெப் ஒரு முழு சுத்துக்கு. 360ஆல வகுத்தா ஒரு டிகிரிக்கு 7680. ஒரு மைக்ரோஸ்டெப் சுமார் 0.47 ஆர்க்செகண்ட், ஒரு டிகிரில 3600ல ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட். பூமி நட்சத்திரக் கணக்குப்படி ஒரு சுத்து சுத்த எடுத்துக்குற நேரம் 24 மணி நேரம் இல்ல, 23 மணி 56 நிமிஷம் 4 செகண்ட், அதாவது 86,164 செகண்ட். அப்ப டிராக்கிங்குக்கு செகண்டுக்கு 32 பல்ஸ் சொச்சம் போதும், அவ்வளவுதான். ஆனா கோ-டூல செகண்டுக்கு 2 டிகிரி ஓடணும்னா அதே மோட்டாருக்கு 15,360 பல்ஸ் போகணும், அதுவும் ரெண்டு ஆக்சிஸுக்கும் ஒரே நேரத்துல, நடுவுல சைன் காஸ் கணக்கெல்லாம் போட்டுக்கிட்டே. ஊனோ இங்கதான் மாட்டிக்கும். அதுக்கு 32 கேபி புரோகிராம் இடம், 2 கேபி ராம், ஆன்ஸ்டெப் அதுல ஏறவே ஏறாது.

ஊனோவ தூக்கிப் போடச் சொல்லல. போர்டு வர்ற வரைக்கும் ஆர்ஏ மட்டும் ஓட்டிப் பாருங்க. ஏ4988 அதிகபட்சம் 16 மைக்ரோஸ்டெப்தான், அதை வெச்சு மேல சொன்ன கணக்கைப் போட்டா 62,329 மைக்ரோசெகண்டுக்கு ஒரு பல்ஸ். டிலே போட்டு எழுதாதீங்க, டைமர் இன்டரப்ட்ல எழுதுங்க. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது, ஊனோ ஆர்3ல மெயின் சிப்புக்கு குவார்ட்ஸ் கிரிஸ்டல் கிடையாது, செராமிக் ரெசனேட்டர். போர்டுல பளபளன்னு தெரியுற கிரிஸ்டல் யூஎஸ்பி சிப்புக்கு உள்ளது. ரெசனேட்டர் 0.5 சதவீதம் வரைக்கும் பிசகலாம், 0.5 சதவீதம்னா பத்து நிமிஷத்துல 45 ஆர்க்செகண்ட், ஜூபிடரோட அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். குளிர்ல இன்னும் கொஞ்சம் மாறும். கண்ணால பாக்க இதெல்லாம் ஒன்னுமே இல்ல, ஒரு நட்சத்திரத்தை நடுவுல வெச்சு பாத்துக்கிட்டே நம்பரை அஞ்சு பத்துன்னு மாத்தி சரி பண்ணிக்கலாம். ஏ4988 கத்துற சத்தம்தான் தாங்காது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

கோ-டூக்கு ஆன்ஸ்டெப்னு சொன்னேன்ல, ஹோவர்ட் டட்டன்னு ஒருத்தர் ஆரம்பிச்சு எழுதி ஓப்பன் சோர்ஸா குடுத்த ஃபர்ம்வேர். ஈஎஸ்பி32, டீன்ஸி, எஸ்டிஎம்32ன்னு பல போர்டுல ஓடும். நான் போட்டது 3டி பிரிண்டருக்குன்னு விக்கிற ஃபைசெட்க் ஈ4 போர்டு, ஈஎஸ்பி32ம் நாலு டிஎம்சி2209 டிரைவரும் அதுலயே சால்டர் பண்ணி வருது, சர்க்யூட் அடிக்கிற வேலையே இல்ல, எனக்கே கொஞ்சம் ஏமாத்தமாதான் இருந்துச்சு. டிஎம்சி டிரைவர் டிராக்கிங்ல சத்தமே போடாது, உயிரோட இருக்கான்னு தொட்டுத்தான் பாக்கணும். கரண்ட்டை ஸ்க்ரூ டிரைவர் வெச்சு திருகி செட் பண்ற வேலையும் இல்ல, கான்ஃபிக் ஃபைல்ல எழுதுனா போதும். டிராக்கிங்குக்கு 600 மில்லிஆம்ப்ல ஆரம்பிங்க, கிரீஸ் மாத்தின மவுண்ட்டுக்கு அதுவே தாராளம்.

அந்த ஃபைல்ல ஸ்டெப்ஸ் பெர் டிகிரின்னு கேக்குற இடத்துல 7680, வார்ம் ஒரு சுத்துக்கு எத்தனை ஸ்டெப்னு கேக்குற இடத்துல 19,200, மைக்ரோஸ்டெப் 32. வடக்கு தெற்கா திருப்புற டெக் ஆக்சிஸ் வீல் பல்லை மட்டும் நீங்களே எண்ணிப் பாத்துக்குங்க, சில மவுண்ட்ல ரெண்டு ஆக்சிஸுக்கும் வேற வேற எண்ணிக்கை, ஈக்யூ3ல ஆர்ஏ 130, டெக் 65.

இப்ப நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் விழுற குழி. ஆன்ஸ்டெப் பழைய எல்எக்ஸ்200 டெலஸ்கோப் வழக்கப்படி மேற்கு தீர்க்கரேகையை பிளஸ்ஸா எடுத்துக்கும். நாம கிழக்கு, அதனால கோத்தகிரிக்கு மைனஸ் 76 டிகிரி 52 நிமிஷம்னு போடணும். டைம் ஆஃப்செட்டும் அதே மாதிரி தலைகீழ், பிளஸ் அஞ்சரை இல்ல, மைனஸ் 5:30. நான் வழக்கம்போல தீர்க்கரேகையை மட்டும் பிளஸ்ல போட்டுட்டு தலைக்கு மேல இருக்குற ஜூபிடருக்கு போன்னு சொன்னா அடிவானத்துக்கு கீழ இருக்குன்னு எரர் காட்டுது. ஜூபிடரை நான் நிமிர்ந்து பாக்குறேன், அது இல்லைங்குது. ரொம்ப நேரம் சண்டை போட்டோம் ரெண்டு பேரும். போன்ல ஸ்கைசஃபாரி மாதிரி ஆப்ல இருந்து வைஃபைல கனெக்ட் பண்ணும்போது மவுண்ட் டைப் எல்எக்ஸ்200 கிளாசிக், போர்ட் 9999. ஆப்ல இருந்து இடத்தையும் நேரத்தையும் அதுவே அனுப்புற மாதிரி வெச்சுக்கிட்டா இந்த மைனஸ் தலைவலியும் குறையும். விண்டோஸ் லேப்டாப்னா ஆஸ்காம் டிரைவர் சாஃப்ட்வேர், லினக்ஸ்னா இண்டி டிரைவர் சாஃப்ட்வேர், ரெண்டும் இருக்கு.

மோட்டார் மாட்டுறதுக்கு கியர் வேண்டாம், 6 எம்எம் அகல ஜிடி2 பெல்ட் போடுங்க, பின்னாடி முன்னாடி ஆடுற லூஸ் பாதிக்கு மேல அதுலயே போயிடும். நீமா17 முகம் 42 எம்எம் சொச்சம், ஸ்க்ரூ ஓட்டை ஒன்னுக்கொன்னு 31 எம்எம், ஷாஃப்ட் 5 எம்எம். வார்ம் ஷாஃப்ட் அளவை வெர்னியர் வெச்சு அளந்துட்டு புல்லி வாங்குங்க, சரியா இல்லேன்னா லேத்துல கொடுத்து ஓட்டை பெருசு பண்ணிக்கலாம். பிராக்கெட் நான் அலுமினியம் ஆங்கிள்ல அறுத்து ராவினதுதான், பாக்க அசிங்கமா இருக்கும், அசையாது. பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி முறுக்காதீங்க, வார்ம் பேரிங் போயிடும். செலவுன்னு பாத்தா போர்டு, ரெண்டு மோட்டார், புல்லி, பெல்ட், வயர் எல்லாம் சேத்து எனக்கு ஒம்பதாயிரம் சொச்சம் ஆச்சு, அதுல எரிஞ்சு போன டிரைவரும் அடக்கம்.

அது எப்படி எரிஞ்சுச்சுன்னும் சொல்லிடறேன். கரண்ட் ஓடும்போது மோட்டார் வயரைப் பிடுங்கக் கூடாது. இதை கடைக்கு வர்ற பசங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். ஒரு ராத்திரி விரல் மரத்துப் போய் வேற கனெக்டர்னு நெனச்சு அதைப் பிடுங்கிட்டேன், டிக்னு ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். இப்ப மோட்டார் பக்கம் திருகுற மாதிரி ஏவியேஷன் கனெக்டர் போட்டு, ஆர்ஏக்கு சிவப்பு இன்சுலேஷன் டேப்பும் டெக்குக்கு பச்சையும் சுத்தி வெச்சிருக்கேன்.

சில்வர் ஓக் விஷயத்துக்கு வர்றேன். நம்ம அட்சரேகை 11.4 டிகிரி, அப்ப வட துருவப் புள்ளி அடிவானத்துல இருந்து வெறும் 11 டிகிரி உயரத்துலதான் இருக்கும். கொடைக்கானல்ல இன்னும் கீழ, 10 டிகிரி சொச்சம். மலை, மரம், எதிர் எஸ்டேட் லைட்டு, மூடுபனி, எல்லாம் சரியா அந்த உயரத்துலதான் நிக்கும். வெளிநாட்டு வீடியோல துருவ நட்சத்திரத்தைப் பாக்குற போலார் ஸ்கோப்ல கண்ணை வெச்சு ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுவாங்க, அதைப் பாத்து ஏங்காதீங்க. துருவத்தைப் பாத்துத்தான் அச்சை வைக்கணும்னு ஒரு சட்டமும் இல்ல. அச்சு பூமியோட அச்சுக்கு இணையா இருந்தா சரி.

ஊட்டிக்கு பக்கத்துல முத்தோரைல ரேடியோ டெலஸ்கோப் பாத்திருக்கீங்களா, இல்லேன்னா ஒரு நாள் போய் பாருங்க, உங்க ஈக்யூ5க்கு அண்ணன் அது. 1970ல வேலைக்கு வந்தது, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில கட்டினாங்க. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளைய சட்டம், அதுக்கு மேல 1100 மெல்லிசு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. அதை ஏன் அங்க கொண்டு போய் வெச்சாங்கன்னா வடக்கு தெற்கா ஓடுற அந்த மலைச்சரிவே சுமார் 11 டிகிரி சாஞ்சிருக்கு. அட்சரேகையும் 11. சரிவோட படுக்க வெச்சதும் அரை கிலோமீட்டர் நீள அச்சு தானா பூமி அச்சுக்கு இணையா அமைஞ்சுடுச்சு, மொத்தத்தையும் கிழக்கு மேற்கா ஒரே திருப்பு திருப்பினா ஒம்பது மணி நேரத்துக்கு மேல ஒரு மூலத்தை தொடர்ந்து பிடிச்சிட்டே போகும். வடக்கு தெற்கு திருப்புறது மட்டும் எலக்ட்ரானிக்ஸ்ல. நீங்க ட்ரைபாட் போல்ட்டை திருகி செய்யுற வேலையை அங்க மலை செஞ்சு குடுத்திருக்கு. எனக்கு போலார் அலைன்மென்ட்னா என்னன்னு உண்மையா புரிஞ்சது அந்தச் சரிவுல ரோட்டோரமா நின்னு பாத்தப்பதான்.

நீங்க செய்ய வேண்டியது இது. வடக்கை பகல்லயே குறிச்சுக்குங்க. ஒரு தூக்குக்குண்டு கட்டி, சூரியன் உச்சிக்கு வர்ற நேரத்துல நூல் நிழல் விழுற கோட்டுல சுண்ணாம்பு போடுங்க. உச்சி நேரம் 12 மணி இல்ல, நம்ம தீர்க்கரேகைக்கு சராசரியா 12:23, பிப்ரவரி நடுவுல 12:37 பக்கம் வரும், ஸ்டெல்லேரியம்ங்கற வான ஆப்ல அந்த நாளுக்குப் பாத்துக்குங்க. ஏப்ரல் 20 பக்கமும் ஆகஸ்ட் 22 பக்கமும் இதைச் செய்யாதீங்க, சூரியன் நேர் தலைக்கு மேல, நிழலே விழாது. ரெண்டுக்கும் நடுவுல உள்ள மாசங்கள்ல நிழல் தெற்கே விழும், கோடு என்னவோ அதே கோடுதான். சாய்வுக்கு போன்ல இருக்குற லெவல் ஆப்பை அச்சோட வெச்சு 11.4 காட்ட வைங்க. இவ்வளவு பண்ணினாலே கண்ணால பாக்கவும் கோ-டூக்கும் போதும்.

போட்டோ எடுக்கணும்னா டிரிஃப்ட், அதாவது நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுதுன்னு, பாத்தே ஆகணும். ஜனவரி பிப்ரவரில ஓரியன் பெல்ட்ல மேல இருக்குற நட்சத்திரம், மின்டாகா, வான நடுக்கோட்டு மேலயே உக்காந்திருக்கு. அது உச்சில இருக்கும்போது 150 மடங்கு பவர்ல நடுவுல வெச்சு அஞ்சு நிமிஷம் டிராக் பண்ண விடுங்க. தெற்கே நழுவினா அச்சு கிழக்கே திரும்பியிருக்கு, வடக்கே நழுவினா மேற்கே. அதை சரி பண்ணிட்டு கிழக்கே தாழ்வா, நடுக்கோட்டுக்கு பக்கத்துல வேற ஒன்னைப் பிடிங்க, தெற்கே நழுவினா அச்சு தாழ்ந்திருக்கு, வடக்கே நழுவினா உயர்ந்திருக்கு. ஐபீஸ்ல எது தெற்குன்னு குழம்பினா டியூப் முனையை லேசா வடக்கே தள்ளுங்க, நட்சத்திரம் எந்தப் பக்கம் போகுதோ அது தெற்கு. கேமராவும் லேப்டாப்பும் இருந்தா நைனா, ஈக்கோஸ் மாதிரி சாஃப்ட்வேர்ல துருவம் தெரியாமலே செய்யுற அலைன்மென்ட் இருக்கு, வானத்துல எங்கயோ மூணு போட்டோ எடுத்து அதுவே சொல்லிடும்.

ஒரு இடைஞ்சல் வரும், முன்னாடியே சொல்லிடறேன். அச்சு இவ்வளவு படுத்திருக்குறதால வெயிட் கம்பி வடக்குக் கால்ல போய் இடிக்கும். ட்ரைபாடோட ஒத்தைக் காலை தெற்கே வெச்சு ரெண்டு கால் வடக்கே விரியுற மாதிரி திருப்பி வைங்க, பாரமும் அந்தப் பக்கம்தான் சாயும், கவிழாது. மவுண்ட்டை இடவலமா திருப்பி செட் பண்ண ட்ரைபாட்ல இருக்குற அசிமுத் முளை அதுக்கு இடம் குடுக்கலேன்னா கழட்டி மாத்தணும். நான் அந்த வம்பே வேண்டாம்னு சிமெண்ட் பைப்பை குழில நட்டு கான்கிரீட் கொட்டிட்டேன். சில மவுண்ட் 15 டிகிரிக்கு கீழ இறங்காமலும் மக்கர் பண்ணும், அதுக்கு தெற்குக் காலை நீட்டி மொத்தத்தையும் வடக்கே சாய்ச்சா போதும். மட்டமா இருக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, முத்தோரைல மலையே மட்டமா இல்ல.

பனி பத்தி தனியா எழுதணும், சுருக்கமா சொல்றேன். போர்டை டப்பால போட்டு, வயர் வர்ற ஓட்டை கீழ் பக்கம் பாத்த மாதிரி வைங்க. மேல வெச்சா வயர் வழியா சொட்டுச் சொட்டா உள்ள இறங்கும். நியூட்டோனியனுக்கு செகண்டரி கண்ணாடியும் ஃபைண்டரும்தான் முதல்ல மங்கும், செகண்டரி பின்னாடி ரெண்டு மூணு ரெசிஸ்டர் ஒட்டி லேசா சூடு குடுத்தா போதும். 12 வோல்ட் 7 ஏஹெச் யூபிஎஸ் பேட்டரி மவுண்ட்டுக்கு ஒரு ராத்திரி ஓடும், ஆனா ஹீட்டருக்கு வேற பேட்டரி வைங்க, வோல்டேஜ் இறங்கினா ஈஎஸ்பி32 திடீர்னு ரீஸ்டார்ட் ஆகி எங்க இருக்கோம்கறதையே மறந்துடும், அப்புறம் முதல்ல இருந்து அலைன் பண்ணணும்.

கிரீஸ் மாத்திட்டு அந்த 144 சுத்தையும் விரலால திருப்பிப் பாத்துட்டு எழுதுங்க தம்பி, எந்த இடத்துலயாவது இறுகுச்சுன்னா எத்தனாவது சுத்துலன்னு குறிச்சு வெச்சுக்குங்க. போர்டு அதுக்கப்புறம் ஆர்டர் போடலாம், எப்படியும் டிசம்பர் மழை விடுற வரைக்கும் உங்களுக்கு வானம் கிடைக்கப் போறதில்ல.